நாலாம் நம்பர் பாட்டில்

"பத்து மணின்னா பத்து மணி. பத்து ஏழு இல்ல."

மரப்பெட்டியைத் தோளில் சுமந்து மூச்சு வாங்க நின்றவனை கொரின் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விஸ்கான்சினில், ஹேசல் லேக் ஊரின் ஆகஸ்ட் சந்தையில், ரூட் பீர் போட்டிக்குப் பெயர் பதியும் மேஜை இந்த வருடம் அவள் பொறுப்பு. கொரின் சாஸ்ட்ரோ பொறுப்பேற்ற இடத்தில் கடிகாரம் கூட பயந்துதான் ஓடும்.

"வழி பூரா வைக்கோல் வண்டி ஒண்ணு முன்னால போச்சுங்க. ஒதுங்கவே இல்ல..."

"வைக்கோல் வண்டி எல்லாருக்கும் முன்னாலதான் போகுது. மத்தவங்க சீக்கிரமா கிளம்பறாங்க."

"நியாயம்தான். தப்பு என்னுது." பெட்டியை மெல்ல இறக்கி வைத்தான். "திரும்பிப் போறேன். பெட்டி இங்கயே இருக்கட்டும். பன்னெண்டு பாட்டில் இருக்கு, தாகமா வர்றவங்க குடிக்கட்டும்."

கெஞ்சுவான், குழைவான், கடைசியில் சண்டைக்கு வருவான் என்று மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை. அதனால்தான் நிமிர்ந்தாள்...

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வெயிலில் தூக்கிப் பிடித்த ரூட் பீர் பாட்டிலின் நிறத்தில் இரண்டு கண்கள். எட்டு வருடமாக அந்த நிறத்தைத் தொட்டி தொட்டியாகப் பார்ப்பவளுக்கு அதில் என்ன புதுசு? ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ஆனால் பேனா மட்டும் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது.

"பேரு?" என்றாள், குரலில் கடுமையைக் கஷ்டப்பட்டு வரவழைத்து.

"எம்மெட் பாலுக். கோல்டர் ஃபால்ஸ்."

"கடைசி இடம் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. ஓடிப் போய் ஐஸ் தொட்டியில போடுங்க. நான் மனசு மாறறதுக்குள்ள."

சிரித்துவிட்டு ஓடினான். கொரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஒன்பது. இத்தனை வருடத்தில் யாருக்கும் அவள் ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

---

பேரில் பீர் இருந்தாலும் மருந்துக்கும் போதை இல்லாத பானம் அது. ஆனால் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஹேசல் லேக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. நுரை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், கரும்புச் சர்க்கரையா தேனா, வெனிலா முன்னால் வரவேண்டுமா பின்னால் வரவேண்டுமா என்று அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊரில் சாஸ்ட்ரோ ரூட் பீர் இல்லாமல் ஒரு பிறந்தநாள் நடந்ததில்லை. அதைத் தயாரிக்கும் வீட்டின் ஒரே மகள் கொரின். அந்தக் கர்வம் அவள் நடையிலேயே தெரியும்.

கர்வத்துக்குக் காரணமும் இருந்தது. சாஸ்ட்ரோ தொட்டியில் கலவை முடிந்ததும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து, "நிரப்புங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் ஒரு பாட்டிலாவது நிரம்பும். அப்பா ஓட்டோ அந்த வேலையை அவளது பத்தொன்பதாவது வயதில் அவளிடம் கொடுத்தார். கொடுத்த பிறகு ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை.

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடையது எது என்று தெரியாதபடி ஆறு பாட்டில்களைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, கலைத்து, நம்பர் போட்டு வைப்பார்கள். போட்டியாளர்களே எல்லாவற்றையும் ருசித்து மார்க் போடவேண்டும். காகிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் பாட்டில் எது என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். தவறாகச் சொன்னால் அன்று சந்தையில் எல்லோரும் குடித்த தம்ளர்கள் முழுவதையும் கழுவவேண்டும். கொரின் ஒரு தம்ளர்கூடக் கழுவியதில்லை.

ஐஸ் தொட்டியிலிருந்து பாட்டில்கள் வந்தன. ஒவ்வொரு மடக்குக்கும் நடுவே ஓர் உப்பு பிஸ்கட். எம்மெட் அவள் எதிரில் நின்றான்.

"ஒண்ணாம் நம்பர் நுரை பத்து எண்ணறதுக்குள்ள அமுங்கிப் போச்சு," என்றாள் கொரின். "நுரை மூக்கு நுனியில ஒட்டணும். இல்லேன்னா அது வெறும் சோடா."

"மூணாம் நம்பர எங்க அப்பா முட்டியில தேய்ச்சுக்குவாரு," என்றான் எம்மெட். "தைலம் வாசனை அப்படி."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். தம்ளருக்குள் சிரித்துவிட்டாள்.

"அஞ்சாவதுல தேன் ஜாஸ்தி. ஆறாவதுல அதிமதுரம் தூக்கல், நாக்கு கருத்துப்போற அளவுக்கு. ரெண்டாம் நம்பர்..." கொரின் உதட்டைப் பிதுக்கினாள். "ஊமை. சில்லுன்னு இருக்கு, அவ்ளோதான். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"நாலு?"

நாலாம் நம்பரை எடுத்தாள். ஒரு மடக்கு. முதலில் பிர்ச் மரப்பட்டையின் லேசான காரம், பிறகு சர்க்கரை, எல்லாம் அடங்கிய பின் அடித் தொண்டையில் வெனிலா... நாக்கு முழுக்க விரிந்தது. தொட்டியிலிருந்து கரண்டியில் எடுத்துக் குடிப்பது போலவே இருந்தது. வீடு. வேறு என்ன?

போட்டியை நடத்தும் லாவெர்ன் குபாட்ஸ் அம்மாள் மைக்கைப் பிடித்தாள். "கொரின், கண்ணு, நீயே ஆரம்பி. உன்னுது எது?"

"நாலு," என்றாள் கொரின், தலையை நிமிர்த்தி. "இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. சாஸ்ட்ரோங்கற பேர் மேல சத்தியமா சொல்றேன், நாலு எங்களுது."

எம்மெட் தயங்கினான். அவன் முகத்தில் சங்கடம் அப்பட்டமாகத் தெரிந்தது. "மன்னிக்கணும்... நாலு என்னுதுங்க."

லாவெர்ன் அம்மாள் காகிதத்தைக் கிழித்தாள். பாலுக். இரண்டாம் நம்பரைக் கிழித்தாள். சாஸ்ட்ரோ.

கூடாரத்தில் எல்லாத் தலைகளும் கொரின் பக்கம் திரும்பின. மார்க்குகளைக் கூட்டி நீல ரிப்பனை எம்மெட்டின் சட்டையில் குத்தியபோது கொரின்தான் முதலில் கைதட்டினாள். தட்டி முடித்ததும் கூடாரத்தின் பின்பக்கம் போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு கை துணியை எடுத்தது.

"நான் தொடைக்கிறேன்."

"வேணாம்."

"நூத்தம்பது தம்ளர் இருக்குங்க."

"தோத்தது நான். கழுவறதும் நான். நீங்க ரிப்பனப் போட்டுட்டு சந்தையச் சுத்துங்க."

அவள் கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்த்துவிட்டானே என்பதுதான் தோற்றதைவிட அதிகமாக வலித்தது.

---

திங்கட்கிழமை தொட்டியில் எண்ணூறு கேலன் கலவை தயாராக இருந்தது. கொரின் கரண்டியை எடுத்தாள். ருசித்தாள். மறுபடி ருசித்தாள். 'நிரப்புங்க' என்ற ஒரு சொல் வெளியே வரவில்லை.

சொந்த வீட்டை ஊமை என்று சொன்ன நாக்கு. அதை நம்பி எண்ணூறு கேலனா?

செவ்வாய்க்கிழமையும் அதேதான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நிரப்பும் ஆட்கள் நாலு பேரும் காலிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து சீட்டாடினார்கள்.

"அப்பா, நீங்களே பார்த்துச் சொல்லிடுங்களேன்."

ஓட்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உன் வேலைம்மா."

"என்னால முடியலப்பா."

"அப்ப தொட்டி காத்திருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னார். நாளைக்குள் நிரப்பாவிட்டால் கலவை வீண் என்பது அவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கை அவளை இன்னும் கூசவைத்தது.

மதியம் ஒரு பழைய வண்டி மழையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. எம்மெட். தலைமுடி நெற்றியில் ஒட்டி, இமைகளில் துளிகள் தொங்க, நெஞ்சோடு ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். கொரினின் நெஞ்சு ஒரு முறை தப்பி அடித்தது. அதற்காக அவன் மேல்தான் கோபம் வந்தது.

"பரிதாபப்பட்டு வந்தீங்களா?"

"இல்லங்க. எனக்கும் மானம் மரியாதை இருக்கு, அதான் வந்தேன்." பெட்டியை இறக்கினான். "ஞாயித்துக்கிழமை மிச்சத்த எடுக்கும்போதுதான் பார்த்தேன். எல்லாரோட பாட்டிலும் விடிகாலையிலேர்ந்து ஐஸுக்கு அடியில. என்னுது கடைசியா வந்து ஐஸ் மேல மேலாப்புல கெடந்துச்சு. பாதிகூட சில்லுன்னு ஆகல."

கொரின் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஐஸ் ஏறினா ருசி அமுங்கிடும். உங்களுக்குத் தெரியாததா? என்னுது ஒண்ணுதான் அன்னிக்கு வாயத் தொறந்து பேசிச்சு. நீங்க தினம் தொட்டியிலேர்ந்து குடிக்கறீங்க, ஐஸே இல்லாம. அந்த மாதிரி இருந்த ஒரே பாட்டில வீடுன்னு சொல்லிட்டீங்க. இது நாக்கோட தப்பில்ல."

"சமாதானம் சொல்றீங்க."

"ரிப்பனத் திருப்பிக் கொடுக்கப் போனேன். லாவெர்ன் அம்மா வாங்கல, சட்டத்துல எடமில்லையாம். நியாயமா ஜெயிக்காதது என் வீட்டுச் சுவத்துல தொங்கறது எனக்கு அவமானம். நீங்க நேரா ருசிச்சு, நேரா தோக்கடிங்க. இல்ல, நேரா ஜெயிக்க விடுங்க."

தோற்கடிக்க வா என்று நாற்பது மைல் மழையில் வந்து கூப்பிடும் ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. இவனும் நம்ம ஜாதிதான், என்று மனசு சொன்னது. ரோஷக்காரன்.

"ஆறு தம்ளர்," என்றாள். "ரெண்டு வீட்டு பாட்டிலும் தொட்டி பக்கத்துல, ஐஸ் இல்லாம, ஒரே அளவு குளிர்ச்சியில. நீங்க ஊத்துங்க. நான் திரும்பிக்கறேன்."

சீட்டாட்டம் நின்றது. ஓட்டோ வாசலோரம் வந்து, எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார். கொரின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் ஊற்றும் சத்தம், நுரை பொங்கி அடங்கும் சத்தம்... இது தவறினால் இந்தக் கரண்டியை இனி அவள் தொடப்போவதில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, தனக்குள் முடிவு செய்திருந்தாள்.

திரும்பினாள். கண்ணை மூடினாள். முதல் தம்ளர்.

"உங்களுது. பிர்ச் முந்திக்கிட்டு வருது. நல்லாத்தான் இருக்கு, ஆனா அவசரம் ஜாஸ்தி. வைக்கோல் வண்டிக்குப் பின்னால வந்த ஆள் மாதிரி."

ஆட்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது. வாய்க்குள் போனதுமே தோள் இறங்கியது, மூச்சு சீரானது. "எங்களுது," என்றாள். அடி வயிற்றிலிருந்து வந்த குரல். "வெனிலா அவசரப்படாம வந்து, கடைசி வரைக்கும் நிக்குது."

மூன்று, "உங்களுது." நாலு, "எங்களுது." ஐந்து, "உங்களுது, பாட்டிலோட அடிப்பகுதி." எம்மெட்டின் புருவம் ஒவ்வொன்றுக்கும் உயர்ந்துகொண்டே போனது.

ஆறாவதைக் குடித்துவிட்டு நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. இன்னொரு மடக்கு குடித்தாள். பிறகு கண்ணைத் திறந்து அவனை முறைத்தாள்.

"ரெண்டையும் கலந்திருக்கீங்க. பாதிக்குப் பாதி. சரியான போக்கிரி நீங்க."

எம்மெட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இதக் கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"எப்படி இருக்கு?"

"சுமார்," என்றாள், தம்ளரைக் காலி செய்துவிட்டு.

நேராகத் தொட்டிக்குப் போனாள். ஒரே ஒரு கரண்டி. இரண்டு நாளாகத் தொண்டையில் சிக்கியிருந்த சொல் சிரமமே இல்லாமல் வந்தது. "நிரப்புங்க."

சீட்டுகள் பறந்தன. இயந்திரம் உறுமியது, பாட்டில்கள் வரிசையாக நகர ஆரம்பித்தன. ஓட்டோ மகளைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவர் முதுகு வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்தது. கொரின் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நெஞ்சு நிறைந்து.

எம்மெட் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "அப்ப நான் வரேங்க. நேரா தோத்தாச்சு, மனசு லேசாயிடுச்சு."

வாசல் வரை கூடவே நடந்தாள். மழை தூறலாகத் தேய்ந்திருந்தது.

"ஐஸ் விஷயத்த போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்." அவன் பெட்டியைப் பார்த்துப் பேசினான். "நீங்க ருசி பார்க்கும்போது முகம் மாறுது. ஞாயித்துக்கிழமை பார்த்தேன். அத இன்னொரு தடவ பார்க்கணும்னு இருந்துச்சு... வைக்கோல் வண்டி பத்து போனாலும் வந்திருப்பேன்."

கொரினுக்குக் காது மடல் சுட்டது. பேசாமல் உள்ளே போயிருக்கலாம். மானம் காப்பாற்றப்பட்டாயிற்று, நாக்கு திரும்பக் கிடைத்தாயிற்று, இதற்கு மேல் யாருக்கும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. ஆனால் மழையில் வந்து தன் வெற்றியையே திருப்பிக் கொடுத்தவனிடம் பாதி உண்மையோடு நிற்பது அவளுக்குக் கேவலமாகப் பட்டது.

"எம்மெட், ஐஸாலதான் நான் ஏமாந்தேன்னு நீ சொல்ற. அது பாதிதான்."

'நீ' என்றதும் அவன் நிமிர்ந்தான். "மீதி?"

"எட்டு வருஷமா கண்ண மூடிக்கிட்டுத்தான் குடிக்கறேன். அதான் என் பழக்கம். அன்னிக்கு நாலாம் நம்பர் குடிக்கும்போது மூடல." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "நீ எதிர்ல நின்னுட்டு இருந்த. உன்னத்தான் பார்த்துட்டு இருந்தேன். நாக்குல இருந்தது எனக்கு வீடுன்னு தோணிச்சு... போதுமா? இத நான் இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்."

எம்மெட் பெட்டியைக் கீழே வைத்தான். மிக மெதுவாக, உள்ளே பாட்டில்கள் இருப்பதுபோல.

"வேணாம்," என்றான். "ஒரு தடவ சொன்னதே ஆயுசுக்கும் போதும்."