ஏழாம் சாவடியின் பதில்

பிற்பகல் மூன்று பத்துக்கு, இப்போது இல்லாத ஏழாம் சாவடியிலிருந்து பதில் வந்தது.

பேச்சு இல்லை. டக், டக். வயர்லெஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தி விடும் சத்தம் மட்டும்.

அவள் மைக்கைக் கீழே வைக்கவில்லை. பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் ஏசி முனகிக்கொண்டிருந்தது. புது ரேடாரின் பெட்டிகளைப் பிரித்த அட்டை வாசனை இன்னும் போகவில்லை. சன்னல் கண்ணாடியில் பட்ட வெயில் கண்ணைக் கூசச் செய்தது.

பழைய ரேடாருக்கு மலைக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தாக்கு தெரியாது. அதனால்தான் ஆற்றோரம் ஏழு சாவடிகள். சாவடிக்கு ஒருவர் நின்று, மழையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறை "போதும், வந்துடுங்க" என்று சொல்லும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. ஏழாவது, தரைப்பாலத்தில் இருந்தது. அங்கே நின்றவர் அவள் கணவர். போன மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அந்தச் சாவடியையும் அவரையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. அந்த இரண்டு சொற்களை அவள் சொல்வதற்குள் இணைப்பு அறுந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை.

புது ரேடார் பள்ளத்தாக்கின் அடிவரை பார்க்கும். இனிச் சாவடிகள் வேண்டாம் என்று உத்தரவு. சற்று முன் அவள்தான் மைக்கை எடுத்து ஒவ்வொருவராக விடுவித்தாள். ஆறாவது சாவடியோடு நிற்க வேண்டிய நாக்கு பழக்கத்தில் நிற்கவில்லை.

"ஏழு. போதும், வந்துடுங்க."

டக், டக்.

அவர் அப்படித்தான். கேட்டதற்கு வாயால் பதில் சொன்னதே அபூர்வம். வீட்டுக்கு வந்தாலும் கதவில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாப்பா?" என்று மகள் உள்ளிருந்தே கத்துவாள்.

"ஏழுல யாரோ இருக்காங்க," என்றாள்.

ரேடாரை நிறுவ வந்த இன்ஜினியர் தலை நிமிரவில்லை. ஏழாவதில் நின்றது யாரென்று அவனுக்குத் தெரியாது. "பழைய செட்டுதான்க்கா. கிழவன் இருமுற மாதிரி அதுபாட்டுக்கு ஏதாவது பண்ணும். அதை விடுங்க, இங்க வந்து பாருங்க. தரைப்பாலத்துல மழை."

"இந்த வெயில்லயா?"

"அதான் பாருங்களேன். காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் போல."

திரையில் ஆற்றின் வளைவுக்கு மேல் ஒரு பச்சைப் புள்ளி. சின்னது. புது ரேடார் அங்கே ஏதோ இருக்கிறது என்பதோடு நிற்காது. அது என்ன என்றும் எழுதிக் காட்டும். புள்ளியின் அருகே 'நீர்' என்று இருந்தது.

"பறவைக் கூட்டம்னா?" என்று கேட்டாள்.

"உயிரினம்னு வரும்க்கா. ஒரு கொக்குக் கூட்டத்தைக்கூட விடாது. இது வெறும் தண்ணி." அவன் கருவிப் பையோடு எழுந்தான். "எதுக்கும் மொட்டைமாடிக்குப் போய் டிஷ்ஷைப் பார்த்துட்டு வரேன்."

கதவு மூடியது.

புள்ளி நகரத் தொடங்கியது.

காற்று மேற்கு நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. புள்ளி கிழக்கே வந்தது, நகரத்தை நோக்கி, ஒரு மனிதர் நடக்கும் வேகத்தில். மேகம் வருவதுபோல் குறுக்கே வரவில்லை. சாலை வளைந்த இடத்தில் அதுவும் வளைந்தது. மேம்பாலத்தடியில் இடப்பக்கம் திரும்பியது. அவர் திரும்பும் பக்கம். பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மகளைக் கூட்டிவர அவர் நிற்கும் இடம் அது. இன்று பள்ளி அரை நாள்தான் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. மாதக்கணக்காக இரவெல்லாம் விழித்துக் கிடந்தது அந்த இரண்டு தட்டுக்காகத்தான். மகளும் அதற்காகத்தான் கதவோரம் பாயை இழுத்துப் போட்டுப் படுக்கிறாள்.

புள்ளி பள்ளியை விட்டு நகர்ந்தது. அதன் மேலே ஏதோ சில பறவைகள் கடந்திருக்க வேண்டும். ஒரு கணம் 'உயிரினம்' என்று வந்தது. அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். பறவைகள் போய்விட்டன.

நீர்.

அவர்கள் தெரு. முனைக் கடை. இரண்டாவது கம்பம்.

நீர்.

மைக்கிலிருந்து வாடை வந்தது. வண்டல். அழுகிய புல். ஆற்றின் அடி.

பொத்தானை அழுத்தினாள். திரும்பிப் போங்க என்று சொல்ல வேண்டும். எங்கே போகச் சொல்வது? அந்தத் தண்ணீருக்கா? விரலை எடுத்தாள்.

டக், டக்.

புள்ளி அவள் வீட்டின் மேல் நின்றது.

கைபேசி அடித்தது. மகள்.

"அம்மா." மூச்சு வாங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வெளிய நல்ல வெயில்மா. நம்ம கதவுக்கு அடியில மட்டும் தண்ணி வருது. சேறும் தண்ணியுமா. யாரோ தட்டுறாங்க, ரெண்டே தட்டு. நான் கேட்டேன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு. பதிலே இல்ல, மறுபடியும் ரெண்டு தட்டு. அம்மா... தாழ்ப்பாள்ல கை வச்சிருக்கேன். திறக்கட்டுமா?"