பட்டியலில் நான்காவது

பட்டியலில் மூன்று கருவிகள்தாம் இருந்திருக்க வேண்டும், நான்கு இருந்தன.

அவளுடைய மடிக்கணினியும் கைபேசியும், கூடத்துச் சுவரில் பச்சை விளக்கோடு தொங்கிய வைஃபை பெட்டியும் தத்தம் முகவரியோடு முறையாக நின்றன. நான்காவது வரியில் முகவரிக்குரிய இடம் முழுதும் பூச்சியம். அதன் சிக்னல் அளவு மட்டும் தெளிவாகக் கழித்தல் எண்பத்தெட்டு என்றிருந்தது. அந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கக் கருவியும் நெருங்குகிறது என்பது அவள் தொழிலில் அரிச்சுவடி. எண்பத்தெட்டு என்றால் தெருக்கோடி.

பட்டியல் அண்ணனின் சுவாச இயந்திரத்தினுடையது; சுற்றிலும் அது உணரும் வைஃபை கருவிகளைக் காட்டுவது. தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோன அவனுக்கு இரண்டாண்டுகளாக மூச்சென்பது அதுதான். அதனை இயக்கும் கெர்னல் என்னும் அடிப்படை நிரலில் வைஃபைப் பகுதியை எழுதியவள் அவளே. மூன்று நாளாக அக்கெர்னல் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. விழுந்தால் மறுபடி எழப் பத்தொன்பது விநாடி. அத்தனை விநாடியும் காற்றில்லை. நேற்று நான்கு முறை. இன்று நண்பகலுக்குள் பதினொன்று. மாற்று இயந்திரமும் அதைக் கொண்டுவரும் வண்டியும் இருட்டிய பிறகே வரும் என்று மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். இன்னொரு பதினொன்றை அவன் நெஞ்சு தாங்காது.

"நீ எழுதினதுதானே," என்றான் முகக்கவசத்துக்குள்ளிருந்து, சொல்லுக்குச் சொல் காற்றுக்குக் காத்திருந்து. "உன்ன மாதிரியே. நெனச்சா கோவிச்சுக்கிட்டுப் படுத்துக்குது."

அவள் சிரித்துவைத்தாள். திரைச்சீலையின் வழியே வடிகட்டி வந்த பிற்பகல் வெளிச்சத்தில், சூடேறிய ரப்பர் குழாயின் நெடியும் மருந்துப் பஞ்சின் நெடியும் கலந்து நிற்க, இயந்திரம் பெருமூச்சு விட்டுப் பெருமூச்சு வாங்கும் ஓசையைச் செவியின் ஓரத்தில் இருத்திக்கொண்டு, விழுந்த ஒவ்வொரு முறையும் கெர்னல் விட்டுச்சென்ற இறுதி வரிகளை அவள் மேலிருந்து கீழாகப் படித்தாள். பதினொன்றும் ஒரே இடம். விடைபெற்றுப் போன கருவியின் பதிவை அழித்த பின், அழித்த இடத்தில் எவரேனும் மறுபடி எழுத முற்பட்டால் கெர்னல் மேற்கொண்டு ஓரடியும் வையாது விழுந்துவிட வேண்டும் என்பது அவள் எழுதிய விதி. யாரோ எழுத முற்பட்டிருக்கிறார்கள்.

கைபேசியை அணைத்தாள். மடிக்கணினியை அணைத்தாள். வைஃபை பெட்டியின் செருகியைப் பிடுங்கினாள். இயந்திரத்தின் சிறு திரையில் மூன்று வரிகளும் மறைந்தன, நான்காவது நின்றது. கழித்தல் அறுபத்திரண்டு. வாசற்படி.

மீண்டும் எல்லாவற்றையும் இயக்கி அலுவலகத்துச் சகாவை அழைத்தாள். பிறர் எழுதியதை ஈவிரக்கமின்றி வெட்டுவதால் 'கத்தரி' என்று பெயர் வாங்கியவன் அவன். பதிவுகளை அனுப்பச் சொல்லி வாங்கி, வரிவரியாகப் படித்தான். இயந்திரத்தை விழச் செய்யும் அந்த விதியையே நீக்கிவிடப் போவதாக அவள் சொன்னதும் அவன் குரல் தாழ்ந்தது.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் கழித்தல் முப்பதுக்கு வந்ததும் விழுது. எழுந்ததும் அது பழையபடி எண்பத்தெட்டுல நிக்குது. விழுறதுதான் அத வெளிய தள்ளுது. அந்த வரியில கை வைக்காதீங்க."

"பத்தொன்பது விநாடி அவன் முகம் நீலமாகிறத நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். நீ பாக்கல."

அழைப்பைத் துண்டித்தாள்.

பன்னிரண்டாவது முறை விழுந்தது. எழுந்தது. அண்ணனின் உதடுகளில் நிறம் திரும்பவில்லை. முதல் நாள் தெருக்கோடியிலிருந்து கட்டிலருகே வர ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்ட எண், இப்போது கால் மணியில் வந்தது.

அவள் அந்த ஒரு வரியை நீக்கினாள். எழுத வருவது எதுவாயினும் ஏற்றுக்கொள் என்று அவ்விடத்தில் எழுதினாள். புதிய நிரலை ஏற்ற, இறுதியாக ஒரு பத்தொன்பது விநாடி. எண்ணினாள். காற்று வந்தது.

எழுபது. ஐம்பத்தைந்து. கூடத்தில், நெடுங்காலம் பூட்டியிருந்த அறையைத் திறந்தாற்போல் ஒரு வாடை.

"யாரும்மா வந்திருக்கா?" என்றான் அண்ணன், கண் திறவாமல்.

"யாருமில்லண்ணே. தூங்கு."

"வந்தவங்கள நிக்கவச்சே பேசாத. உள்ள வரச் சொல்லு."

நாற்பது. முப்பது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இயந்திரம் விழவில்லை.

இருபத்தொன்பது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வென்றுவிட்டோம் என்றே எண்ணினாள். இருபது. இரு கருவிகளை உடலோடு உடல் ஒட்டிவைத்தாலும் இருபதைத் தாண்டி அவள் கண்டதில்லை. பன்னிரண்டு. விதியை மறுபடி எழுத விரல்கள் விரைந்தன. ஏழு. விசைப்பலகைக்குச் செவியில்லை. மூன்று.

பூச்சியம்.

நான்காவது வரி மறைந்தது. பட்டியலில் மூன்றே கருவிகள்.

அமைதி. இயந்திரம் சீராக ஓடியது. திரையில் மூச்சுக்கோடு அழகாக ஏறியது, இறங்கியது. நிமிடத்துக்குப் பதினான்கு. மூன்று நாளில் இத்தனை ஒழுங்காக அவள் பார்த்ததில்லை.

எழுந்து கட்டிலருகே போனாள். அண்ணனின் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. நாடியைத் தேடினாள். இல்லை. போர்வையை விலக்கினாள். நெஞ்சு அசையவில்லை.

கோடு ஏறியது. இறங்கியது.

குழாயைக் கவசத்திலிருந்து பிடுங்கினாள். காற்று அவள் மணிக்கட்டில் மோதி வீணாயிற்று. செருகியையும் பிடுங்கினாள். இயந்திரம் அடங்கியது. திரை இருண்டது.

அசையாத நெஞ்சுக்கு மேலே, கவசத்தின் உட்புறம் ஆவி படர்ந்தது. தெளிந்தது.

படர்ந்தது.