கத்தும் கீரை

"ஐயோ... கொன்னுட்டாங்களே!"

1969. அந்தமான், பெரார்கஞ்ச். விடிந்ததும் விடியாததுமாய்க் கண்ணம்மாவின் அலறல்!

அரசு ஆராய்ச்சிப் பண்ணையின் தகரக் கொட்டகைக்குள் அவள் புருஷன் நாகமுத்து. காவல்காரன். மல்லாந்து கிடந்தான். மூச்சு இல்லை!

"யாரும் தொடாதீங்க! கதிர்வீச்சு!"

கத்தியவர் டாக்டர் பக்தவத்சலம். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த மேதை! தொட்டி மண்ணில் சீசியம் என்ற கதிரியக்க உலோகத்தைக் கலப்பார். கீரை நடுவார். வேர் எவ்வளவு உறிஞ்சியது என்று இலையை அளப்பார். இதற்குச் சம்பளம், குவார்ட்டர்ஸ், சலாம் வேறு!

இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு வாசலிலேயே நின்றார். படித்தவன் பயமுறுத்தினால் போலீஸும் பயப்படும்.

"எப்படி சார் செத்தான்?"

"தொட்டிக் கீரையைத் திருடித் தின்னிருக்கான். பாருங்க!"

டாக்டர் ஒரு பிடி கீரையைப் பிடுங்கி, அளக்கும் கருவியை அதன்மேல் காட்டினார்.

கிர்ர்ர்ர்...!

"கேட்டீங்களா? அவ்வளவும் வேர் வழியா ஏறின விஷம். சமைச்சுப் போட்டது இவதான். பிடிச்சுட்டுப் போங்க!"

"ஜூட் சாப், பொய்! எம் புருஷனை நானே கொல்லுவேனா?"

"சலோ, சலோ... கோர்ட்டுல போய் அழு!"

கான்ஸ்டபிள் கிருஷ்ணன் கீரையை வாளியில் போட்டு, கையை நீட்டியபடியே தூக்கிப்போய் ஜீப்பில் வைத்தான். மேலே கூரை இல்லாத ஓட்டை ஜீப்.

அந்தமான் மழை யாரைக் கேட்டு வரும்? கொட்டோ கொட்டென்று கொட்டியது... நின்றது.

கிருஷ்ணன் பின்வாங்கினான். "சாப், இந்தக் கீரையோட ஜீப்புல நான் வரமாட்டேன். எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல!"

"டர்போக்! பயந்தாங்கொள்ளி! எவ்வளவு தள்ளி உக்காரணும்னு பாத்துடுவோம்."

இன்ஸ்பெக்டர் லத்தியால் வாளியிலிருந்து கீரையைத் தூக்கினார். டாக்டரின் கருவியை வாங்கிக் காட்டினார்.

டிக்... ... டிக்.

அவ்வளவுதான்!

வாளியில் தேங்கிய மழைத் தண்ணியில் காட்டினார்.

கிர்ர்ர்ர்...!

இன்ஸ்பெக்டர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"வேர் வழியா ஏறினது மழையில எப்படிய்யா கழுவிட்டுப் போகும்? மேல பூசினதுதானே போகும்!"

டாக்டர் கருவியைப் பிடுங்கப் பார்த்தார்.

"செடி ஒண்ணும் உறிஞ்சல. உறிஞ்சுச்சுன்னு காட்ட நீயே பூசியிருக்கே!"

கண்ணம்மா பாய்ந்து வந்தாள்.

"அதான் சாப்! 'டாக்டர் பிரஷ் வெச்சுக் கீரைக்கு வெள்ளையடிக்கிறாரு, பெரிய சாப்கிட்ட சொல்லப்போறேன்'னு எங்க வீட்டுக்காரர் நேத்துதான் சிரிச்சாரு!"

இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குள் ஓடினார். பிணத்தின் சட்டைக் காலரை விலக்கினார்.

கழுத்தில்... விரல் தடங்கள்!

"தொடாதேன்னது இதுக்குத்தானா?"

டாக்டர் உடைந்தார்.

"கையெழுத்துப் போடத் தெரியாத பய... அவன் வாயைத் திறந்தா என் ஆராய்ச்சியே நாசமாயிருக்கும்!"

"ஏறுய்யா ஜீப்புல! ஜெயில் மண்ணுல உன்னை நட்டு வைக்கிறோம்... என்னத்தை உறிஞ்சுறேன்னு நாங்க அளந்துக்கிறோம்!"