கடற்சாமந்திக்குப் பெருநாள் விருந்து

கல்முனைக் கடற்கரையில், அலை கரையை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குட்டை உண்டு. கடல் அமைதியாக இருக்கும் காலத்தில்தான் அதன் அருகில் போக முடியும். பெருநாளைக்கு முதல்நாள் றுஸ்தாவும் அவளுடைய வகுப்புத் தோழி றொசானியும் அங்கேதான் அதைக் கண்டார்கள்.

ஒரு சோற்றுப் பீங்கான் அளவு அகலம். நுனியில் ஊதா நிறமுள்ள எத்தனையோ விரல்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன.

“எவ்வளவு பெரிய பூ!” என்றாள் றுஸ்தா.

“பூ இல்ல புள்ள, கடற்சாமந்தி. பேர்தான் பூ. ஆள் ஒரு பிராணி. லைப்ரரிப் புத்தகத்தில படம் பார்த்தனான்,” என்றாள் றொசானி.

அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி இறால் துள்ளி வந்து ஒரு விரலில் பட்டது. பட்டதுதான் தாமதம், அதன் துள்ளல் நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கொட்டும் நூல்கள் அந்த விரல்களுக்குள் இருக்கின்றன. பக்கத்து விரல்கள் மெல்லக் குனிந்து, இறாலைக் கைமாற்றிக் கைமாற்றி நடுவிலிருந்த வாய்க்குக் கொண்டு போயின.

“கண் இல்ல, ஓடித் திரியவும் ஏலா. கல்லைப் புடிச்சிக்கிட்டு இருந்த இடத்திலயே வேட்டையாடுது பாரன்!” என்றாள் றுஸ்தா. அவளுக்கு அதை விட்டு வர மனமே இல்லை.

மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். வீடு நிறைய விருந்தாளிகள். ‘கடற்சாமந்தியும் நம்ம ஊருக்கு வந்த விருந்தாளிதானே!’ என்று றுஸ்தாவுக்குத் தோன்றியது. ஒரு பெரிய இறைச்சித் துண்டை எடுத்து, உறைப்புப் போகக் கழுவிக்கொண்டு பின்னேரம் கடற்கரைக்குப் போனாள். கடற்சாமந்தி அதை அப்படியே விழுங்கிவிட்டது.

கூட வந்த தம்பி ஸாஜித்தின் வாயில் எந்த இரகசியம்தான் நின்றது? தெருப் பிள்ளைகள் எல்லாரும் திரண்டு வந்துவிட்டார்கள். ஒருவர் புரியாணி போட்டார், ஒருவர் தொதல் இனிப்புப் போட்டார், இன்னொருவர் வட்டிலப்பம் கரைத்தார். சிரிப்புச் சத்தம் பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகை நேரம் வரை ஓயவில்லை. றுஸ்தாவும் சிரித்தாள்.

அடுத்த நாள் காலையில் றொசானியும் வந்தாள். மூவரும் குட்டையை எட்டிப் பார்த்தார்கள். விரல்களைக் காணவில்லை. வழுவழுப்பாக ஓர் உருண்டை மட்டும் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ராத்தா, மவுத்தாப் போயிட்டா?” என்று கேட்டான் ஸாஜித்.

செத்துப்போயிருந்தால்? முதல் துண்டைப் போட்டவள் றுஸ்தாதானே. கைபடாமல் குனிந்து பார்த்தாள். உருண்டையின் நடுவில் வாய் மெல்லத் திறந்தது. நேற்றுப் போட்ட இறைச்சி, சளி போன்ற ஒன்றோடு வெளியே வந்தது.

“சீ, சத்தி எடுக்குது!” என்றான் ஸாஜித்.

“அது சாப்பிடுறதும் அந்த வாயாலதான், மிச்சத்தை வெளிய தள்ளுறதும் அந்த வாயாலதான்,” என்றாள் றொசானி. “அதுக்கு வேற வாசல் இல்ல.”

“அப்ப உயிரோடதான் இருக்கு!” என்றாள் றுஸ்தா.

அவளுக்கு நேற்று வந்த ஹிஷாம் மாமாவின் ஞாபகம் வந்தது. பெரிய தட்டான சகனைச் சுற்றி இருந்து எல்லாரும் சாப்பிடும்போது, உம்மா அவருக்கு அள்ளி அள்ளி வைத்தார். கடைசியில் மாமா தன் பக்கத்துச் சோற்றின்மேல் இரண்டு கைகளையும் விரித்து மூடிக்கொண்டார். அப்படி மூடிவிட்டால் அதற்குமேல் யாரும் வைக்கமாட்டார்கள்.

அதற்குள் பிள்ளைகள் பொட்டலங்களோடு வந்துவிட்டார்கள். ஏசினால் யார் கேட்கப் போகிறார்கள்? றுஸ்தா எழுந்து வழியில் நின்றாள்.

“விருந்தாளி கைய மூடிட்டாரு. இனி வைக்கப்படாது.”

“எப்ப மூடினாரு?” என்று கேட்டபடி முன்னால் வந்தான் றிபாஸ். அவன்தான் கூட்டத்தில் பெரியவன். குனிந்து பார்த்துவிட்டு, “ஓம், எல்லா விரலையும் மடக்கித்தான் வெச்சிருக்காரு. போதுமாம்டா!” என்றான்.

பொட்டலங்கள் திரும்பப் பைக்குள் போயின. தண்ணீரில் ஊறிக் கிடந்த சோற்றை எல்லாரும் சேர்ந்து பொறுக்கினார்கள். கலங்கிய தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் இறைத்துவிட்டு, கடலிலிருந்து தெளிந்த தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள்.

அன்று அது விரியவில்லை. மறுநாளும் விரியவில்லை. றுஸ்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் குட்டைக்கு ஓடுவாள், வாடிய முகத்தோடு திரும்பி வருவாள்.

பிறகு ஒரு பின்னேரம், அவள் கண்முன்னே ஒரு விரல் நீண்டது. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அத்தனையும் விரிந்து ஆடத் தொடங்கின. கூட வந்திருந்த பிள்ளைகள் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். ஒரு குட்டி மீன் கிட்ட வந்தது, உரசியது, அசைவற்று நின்றது. விரல்கள் குனிந்தன.

“மாஷா அல்லாஹ்!” என்றாள் றுஸ்தா. சந்தோஷத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது.

கூட்டத்திலேயே சின்னவளான றிபாவின் கையில் ஒரு முறுக்கு இருந்தது. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இது எனக்குத்தான்!” என்று அவள் அவசரமாக அதைக் கடித்தாள்.