நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள்

மாடி அறையிலிருந்து அழைத்தால் மட்டும் அடிக்கிற மணி, பகல் மூன்று மணிக்கு ஒருமுறை டிங் என்றது. மாடியில் ஆளில்லை. பதினோரு மாதமாக அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. தெருவில் எல்லாரும் வயர்காரர் என்று கூப்பிடுகிற அந்த மனிதர், கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். மின்விசிறியின் கடகட, சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, மேஜைமேல் கோடு கோடாக விழுந்திருந்த ஜன்னல் கம்பியின் நிழல், எல்லாம் நேற்றுப் போலத்தான் இருந்தன. பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மேஜையில் பல் டாக்டர் கிளினிக்கின் ரௌட்டர் இருந்தது. காலையில் வரவேற்பில் உட்காருகிற அம்மா கொண்டுவந்தார்.

"புதுசா எக்ஸ்ரே மிஷின் வாங்கியிருக்கோம் அண்ணா, அதுக்குத் தனியா பிரிச்சுக் குடுங்க. அப்புறம், தினமும் மூணு மணியானா இது விளக்கு கன்னாபின்னான்னு எரியுது. நாங்க யாரும் தொடறதே இல்ல."

"யாராவது படம் பார்த்திருப்பாங்கம்மா. வச்சிட்டுப் போங்க."

பிரிப்பதுதான் அவர் தொழில். ஒரு பெரிய முகவரிக் கூட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, டாக்டருக்கு ஒன்று, காத்திருக்கிறவர்களுக்கு ஒன்று என்று கொடுத்து, ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழாமல் தடுப்பது. சப்நெட் என்பார்கள். "ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடற வேலை" என்று மனைவி கிண்டலடிப்பாள். அவர் வெட்டுகிறதிலேயே சின்னத் துண்டில் நாலு முகவரி இருக்கும். முதலும் கடைசியும் ஆளுக்கு ஆகாது. நடுவில் இரண்டுதான் மிஞ்சும்.

தொண்டையில் அறுவை செய்து அவளுக்குக் குரல் போனபோது, மாடி அறைக்கும் இந்த மேஜைக்கும் நடுவே அப்படியொரு துண்டைத்தான் போட்டார். ஒன்று அவருக்கு, இரண்டு அவளுக்கு. அவள் லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் இங்கே மணி அடிக்கும். அங்கே அவள் திரையில் 'ஒன்றிலிருந்து பதில் வந்தது' என்று ஒரு வரி விழும். வாய்விட்டுக் கூப்பிட முடியாதவளுக்கு அதுதான் 'ஏங்க'. போட்டது போட்டபடி அவர் மாடிக்கு ஓடுவார். சில நாள் சும்மாவே தட்டுவாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நிற்கிறவரைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரிப்பாள். அவள் போனபிறகும் அந்த மணியை எடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை.

அவள் போன அந்தப் பாழாய்ப்போன மதியம் கிளினிக்கின் இதே ரௌட்டரைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். கைப்பழக்கத்தில் அதற்கும் அந்த ஒன்றாம் முகவரியையே கொடுத்து, மாடிக்குக் கேபிள் போகிற அதே பெட்டியில் செருகிவிட்டார். ஒரே முகவரியில் இரண்டு பேர், மேஜைமேல் இருக்கிற அவருடைய கம்ப்யூட்டரும் இதுவும். மேலேயிருந்து வந்த அழைப்பையெல்லாம் இந்த டப்பா வாங்கிக்கொண்டு, பொறுப்பாகப் பதிலும் அனுப்பியது. கீழே மணி அடிக்கவில்லை. நாலு மணிக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது அவள் சாய்ந்து கிடந்தாள், விரல் பட்டன்மேல் இருந்தது. திரையில் நானூற்றுப் பன்னிரண்டு முறை, 'ஒன்றிலிருந்து பதில் வந்தது.' அவருக்குக் கேட்டுவிட்டது, இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று நம்பிக்கொண்டே போயிருக்கிறாள். இதை அவர் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் வந்தால்தானே.

டிங்.

இந்த முறை கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். இரண்டிலிருந்து அழைப்பு. மாடிக்குப் போகிற கேபிளைப் பிடுங்கினார். டிங். ரௌட்டரின் மின்சாரத்தை நிறுத்தினார். விளக்கு அணையவில்லை. டிங். டிங்.

பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தையும் மீறி ஒன்று அவரை எழுப்பியது. அன்றைக்கு ஏறாத படியை இன்றைக்காவது ஏறிவிட வேண்டும்.

"வந்துட்டேன்மா," என்றார். "இதோ வந்துட்டேன்."

பதினாறு படி. பாதியிலேயே அவளுடைய தைல வாசனை எதிர்கொண்டது. பூட்டு கொண்டியில் திறந்து தொங்கியது. உள்ளே திரைச்சீலை அசையாமல் நின்றது, கட்டிலில் லேப்டாப் விரிந்திருந்தது. சார்ஜ் தீர்ந்து எத்தனையோ மாதமான அதன் திரையில் வெளிச்சம். பழைய வரிகள் அப்படியே இருந்தன. ஆள் இல்லை. தலையணையில் மட்டும் ஒரு குழி. தொட்டார். சூடாக இருந்தது.

அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, குழியில் தலை வைத்துச் சாய்ந்து, என்னை மன்னிச்சுடும்மா என்றார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

எழுந்திருக்கப் பார்த்தார். கால் கேட்கவில்லை. கையும் அசையவில்லை. ஒரு விரல் மட்டும் அசைந்தது.

கீழே நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ உட்கார்ந்தார்கள். இருமல். அவருடைய இருமல். பிறகு தட்டச்சு. விட்டு விட்டு, வேலை மும்முரத்தில் அவர் முணுமுணுக்கிற அதே முணுமுணுப்பு.

கத்தினார். மூச்சுதான் வந்தது.

விரலை நகர்த்தினார். பட்டன். தட்டினார்.

கீழே மணி அடிக்கவில்லை. திரையில் நானூற்றுப் பதின்மூன்றாவது வரி விழுந்தது. ஒன்றிலிருந்து பதில் வந்தது.

மறுபடி தட்டினார். பதில் வந்தது. மறுபடி. பதில் வந்தது.

கீழே தட்டச்சுச் சத்தம் நிற்கவே இல்லை.