டர்பைன் மேடையின் பதில்

"கான்கிரீட்டுக்கு ஸ்டெதஸ்கோப் வைக்கத்தான் இவ்வளவு படிச்சியா?"

மேனேஜர் திவாகரன் முதல் நாளே மோகனாவைக் கேட்ட கேள்வி அது. கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். வேறு யாரும் சிரிக்காததைக் கவனிக்கிற ஆள் இல்லை அவன்.

ஈஜோக் ஊரின் செம்பனை எண்ணெய் ஆலையில் புது டர்பைன் ஓடத் தொடங்கியதிலிருந்தே நடுக்கம். இயந்திரத்தில் கோளாறு இல்லை. அதைத் தாங்கும் கான்கிரீட் மேடை எப்படி அதிர்கிறது என்று அளந்து சொல்ல ரவாங்கிலிருந்து வந்திருந்தாள் மோகனா. திவாகரனுக்கு அளவெல்லாம் தேவையில்லை, கூடுதல் கான்கிரீட்டுக்கு ஒப்புதல் தரும் அவள் கையெழுத்து போதும். மேடையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கான்கிரீட் ஊற்றிக் கனமாக்கினால் அடங்கிவிடும் என்பது அவன் ஞானம். கலவை லோரியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான்.

ஓரத்தில் ஆலையின் துப்புரவுத் தொழிலாளி நவமணி கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த மேடைக்குக் கம்பி கட்டியவன் அவள் புருஷன் செல்வா. குழியில் கான்கிரீட் விழுமுன் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிடுவது இங்கே வழக்கம். "சாமி காத்திருக்கும், லோரி காத்திருக்காதுலா" என்று மேடைக்குக் கான்கிரீட் ஊற்றிய அன்று திவாகரன் விரட்டிவிட்டான். மற்றவர்கள் தேநீருக்குப் போனார்கள். பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு பின்தங்கிய செல்வாவை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

ஓடிவிட்டான் என்றான் திவாகரன். ஆலை முழுக்க அதையே சொன்னது. நவமணியின் முகத்துக்கு நேராகவும் சொன்னது.

இயந்திரங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. மோகனா அதிர்வை அளக்கும் உணரியை மேடையில் ஒட்டி, கருவியின் திரையைப் பார்த்தாள். சுத்தியலால் ஒரு அடி. அடித்த அதிர்வு திரையில் எழுந்து, தேய்ந்து, அடங்கவேண்டும்.

அடங்கியது.

பிறகு இரண்டு தட்டு. சற்று நிறுத்தி, ஒன்று.

"வேற ஏதாவது ஓடுதா சார்?"

"எல்லாம் ஆஃப்லா. உன் மிஷினே ஓட்டை."

மறுபடி அடித்தாள். மறுபடி அதே பதில். இம்முறை காதிலும் கேட்டது. ஆலையின் புளித்த எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே, அப்போதுதான் அறுத்ததுபோல எலுமிச்சை வாசம்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்த நவமணி மேடைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வீட்டுக் கதவ அவரு இப்படித்தாம்மா தட்டுவாரு."

மோகனா திவாகரன் பக்கம் திரும்பினாள். "சார், நான் கையெழுத்து போடமாட்டேன். இத உடைச்சுப் பாக்கணும்."

"ஓடிப்போனவன் இதுக்குள்ள லயத்து வீடு கட்டிக் குடியிருக்கானா?" திவாகரன் சுத்தியலைப் பிடுங்கினான். "இதச் சுத்தி ஊத்திட்டா உங்க ரெண்டு பேர் வாயும் சேர்ந்து மூடும்." ஓங்கி அடித்தான். "டேய் செல்வா! இருந்தா தட்டுடா!"

ஒன்றுமில்லை.

திரையில் ஒரே நேர்க்கோடு.

"பாத்தியா? செத்த கல்லு," என்று இளித்தான்.

இரண்டு தட்டு.

மேடையிலிருந்து அல்ல. அவன் பூட்ஸுக்கு அடியிலிருந்து.

இளிப்பு அப்படியே உறைந்தது. ஓரடி தள்ளி நின்றான். அங்கேயும் வந்தது, அந்த மூன்றாவது தட்டு. அவன் காலடியில் தேங்கிய எண்ணெய் நீர் வட்டமாக நடுங்கியது. சுத்தியல் கையிலிருந்து நழுவியது. அது விழுந்த அதிர்வு திரையில் எழுந்தது, ஒழுங்காகத் தேய்ந்தது, அடங்கியது. மேடையிலிருந்து இப்போது பதில் எதுவும் இல்லை.

நவமணி கையை எடுத்தாள். "இவ்வளவு நேரம் சூடா இருந்துச்சு, இப்ப சில்லுனு ஆயிடுச்சும்மா," என்றாள் மெதுவாக. அவள் பார்வை திவாகரனின் கால்களிலேயே இருந்தது.

அவன் வாசலை நோக்கி நடந்தான். லோரிக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "போஸ், ஊத்தவா?"

திவாகரன் அவரைப் பார்க்கவும் இல்லை. பட்டப்பகல் வெயிலில், செம்மண் பாதையில், காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனான். அவன் தாண்டிய ஒவ்வொரு மழைக்குட்டையும் இருமுறை நடுங்கி, சற்று நின்று, இன்னொருமுறை நடுங்கியது. காரைத் திறந்தான். ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.