நானூறு லிட்டர் மெத்தனால்

காலை 8.10. ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் தொட்டி காலியாக இருந்தது. நானூறு லிட்டர் மெத்தனாலைக் காணோம்.

புகார் கொடுத்தவர் ஆரோக்கியசாமி, வயது ஐம்பத்தெட்டு. கொட்டகையில் இருந்தது, ஆலையின் பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, மின்சாரம் பாய்ச்சி மெத்தனால் என்ற எரிபொருளாக்கும் இயந்திரம். சென்னை நிறுவனம் ஒன்று வைத்தது. அதை அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டார். சேர்ந்த எரிபொருளை எடுத்துப்போக இன்று லாரி வருவதாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் நர்மதா கொட்டகையைச் சுற்றி வந்தார். பூட்டு உடையவில்லை. பின்சுவரில் கொட்டகைக்கென்று ஒரு தனி மின்மீட்டர், பக்கத்தில் ரீடிங் குறிக்கும் அட்டை. இன்னொரு சாவி ஆலைக் காவலாளி கந்தவேலிடம் இருந்தது.

"போன வருஷம் டீசல் திருடின கேஸ் உன் மேல இருக்கே?"

"அது தப்புதாங்க மேடம். இது சத்தியமா நான் இல்லீங்க."

"ஜீப்புல ஏறு."

கந்தவேல் ஏறினான். ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு லிட்டருக்கு எவ்வளவு கரண்ட் ஆகும் சார்?"

"பன்னிரண்டு யூனிட்டாவது வேணும் மேடம்." அவர் முகம் மலர்ந்தது. இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. நடுவில் இரண்டு தடவை, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

11.40. நர்மதா கான்ஸ்டபிளிடம் சொன்னார்: "கந்தவேலை இறக்கி விடுங்க."

பிறகு ஆரோக்கியசாமியிடம் திரும்பினார். "திருட்டே நடக்கல சார். நானூறு லிட்டருக்கு அஞ்சாயிரம் யூனிட் கிட்ட ஓடியிருக்கணும். மீட்டர் அட்டையைப் பார்த்தேன். நாலு மாசத்துல நூத்தி இருபது. ஒரு லைட்டு, ஒரு ஃபேன். மெஷின் எப்ப நின்னுச்சு?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தை மாசமே. உள்ளே தகடு கெட்டுப்போச்சு. சொன்னா கொட்டகையை மூடிடுவாங்க. என் சம்சாரம் போனப்புறம் வீட்ல யாரு இருக்கா? சென்னை ஆபீஸ்லேர்ந்து டெபோரான்னு ஒரு பொண்ணு தினம் ஆறு மணிக்குக் கூப்பிடும். எத்தனை லிட்டர்னு கேக்கும். சாப்டீங்களான்னு கேக்கும். நாலு லிட்டர்னு சொல்லுவேன். இன்னிக்கு லாரி வருதுன்னதும் வேற வழி தெரியல. வேற யாரும் என்னைக் கூப்பிடறதில்ல மேடம்."

"அதுக்கு இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போகணுமா?"

"அவன் பேரை நான் சொல்லலையே."

"ஜீப்புல ஏத்தினப்ப வாயைத் திறக்கவும் இல்ல."

மாலை 6.00, காவல் நிலையம். ஆரோக்கியசாமியின் போன் அடித்தது. எடுங்க என்று நர்மதா தலையசைத்தார்.

"சாப்டீங்களா அங்கிள்? திருடன் கிடைச்சானா?"

"திருட்டே இல்லம்மா. நாலு மாசமா ஒரு சொட்டுகூட வரல. பொய் சொன்னேன்."

 மறுமுனையில் இணைப்பு அறுபடவில்லை. அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.